நீலி கதையும் அதன் தொடர்ச்சிகளும்: பழையனூர் முதல் அனந்தபுரிப் பெருவழி வரை

முன்னுரை

ஒருவர் படைத்த கதைமாந்தரை வேறொருவர் எடுத்துக்கொண்டு, அக்கதை முடிந்த இடத்திலிருந்து மேலும் வளர்த்தெழுதுவது இன்று பெரிதும் திரைப்படத்தை ஒட்டிய செயலாகக் கருதப்படுகிறது. மீயாற்றல் வாய்ந்த நாயகரைக் கொண்ட படம் ஒன்று வெற்றி பெற்றதும் அதன் இரண்டாம் பாகம் அறிவிக்கப்படுகிறது. அப்பாகம் திரைக்கு வருமுன்பே சுவைஞர் சிலர் தாமாகவே அதற்குத் திரைக்கதை எழுதிப் பார்க்கின்றனர். இவ்வாறு எழுதுவோரிடம் எவரும் எழுதித் தருமாறு கேட்பதில்லை. எழுதியது படமாகும் என்ற உறுதியும் அவர்களுக்கு இல்லை. 'கதை இவ்வாறு முடிந்திருக்கக் கூடாது' என்ற உள்ளுணர்வே அவர்களை எழுதத் தூண்டுகிறது.

இச்செயல் புதியதன்று. தமிழ் இலக்கிய வரலாற்றில் இதற்கு நெடிய மரபு உண்டு. அம்மரபின் மிகத் தெளிவான சான்றாக நீலி கதையைக் கொள்ளலாம். தொண்டை நாட்டுப் பழையனூரில் வழங்கிய அக்கதை, சமணக் காப்பியமாகவும் சைவ வரலாறாகவும் வில்லுப்பாட்டாகவும் மலையாள ஐதிகமாகவும் உருமாறி, 2025இல் மீயாற்றல் நாயகியைக் கொண்ட திரைப்படமாகவும் ஆகியுள்ளது. இத்தொடர்ச்சிகளை எழுதியோர் எதனைக் காத்தனர், எதனை மாற்றினர், மாற்றத்தால் யாருடைய முறையீடு கேட்கப்பட்டது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. அக்கதையின் பிற்கால வளர்ச்சியில் திருவனந்தபுரமும் அதனைச் சார்ந்த தென்திருவிதாங்கூர்ப் பகுதியும் பெறும் இடம் இங்குச் சிறப்பாகக் கருதப்படுகிறது.

தொடர்ச்சி என்னும் வகை

தொல்காப்பிய மரபியல் நூல்களை முதனூல், வழிநூல் எனப் பகுத்து, வழிநூல் நால்வகைப்படும் எனக் கூறுகிறது. முதனூலில் விரிந்ததைத் தொகுத்தல், தொகுத்ததை விரித்தல், இரண்டையும் கலந்து செய்தல், மொழிபெயர்த்தல் என்பன அவை. நன்னூல் இவற்றோடு சார்புநூல் என்பதையும் கொள்கிறது. இப்பகுப்பு முதன்மையாக இலக்கண நூல்களை நோக்கியதாயினும், இலக்கிய ஆய்வாளரும் இதனைப் பயன்படுத்தி வந்துள்ளனர். ஆயின், முன்னோர் முடித்த கதையை அப்பாற் கொண்டு செல்லும் நூலுக்கு இப்பகுப்பில் தனியிடம் இல்லை. இடமில்லை என்பதால் அத்தகு நூல்கள் தோன்றாமல் இல்லை.

சிலப்பதிகாரத்தின் மாந்தரை ஏற்று, கோவலன் மகளின் வாழ்வைப் பாடிய மணிமேகலை முதற்சான்று. கம்பர் பட்டாபிடேகத்தோடு நிறுத்திய இராமகாதைக்கு உத்தரகாண்டம் பாடியவர் ஒட்டக்கூத்தர் என்பது மரபு. அண்மைக் காலத்தில், கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய பொன்னியின் செல்வனுக்குத் தொடர்ச்சியாக விக்கிரமன் நந்திபுரத்து நாயகியை எழுதினார். இம்மூன்றிலும் முதற்கதையை எழுதியவர் ஒருவர், தொடர்ந்தவர் வேறொருவர்.

நீலி கதை இவற்றினின்று ஒருவகையில் வேறுபடுகிறது. இக்கதைக்கு முதலாசிரியர் எனச் சுட்டத்தக்க ஒருவர் இல்லை. கிடைப்பன அனைத்தும் தொடர்ச்சிகளே. ஒவ்வொன்றும் கேட்போர் கதையை முன்பே அறிவர் என்ற எண்ணத்தோடு தொடங்குகிறது.

முற்சான்றுகள்

நீலி என்னும் பெயர் சிலப்பதிகாரக் கட்டுரை காதையில் இடம்பெறுகிறது. கலிங்கத்துச் சிங்கபுரத்தில் வணிகம் செய்ய வந்த சங்கமன் என்பவனைப் பரதன் என்னும் அரச ஊழியன் ஒற்றன் எனப் பொய்யாகக் காட்டிக் கொல்விக்கிறான். சங்கமன் மனைவி நீலி பதினான்கு நாள் அலைந்து, மலையுச்சியேறிச் சாபமிட்டு உயிர் துறக்கிறாள். அப்பரதனே கோவலனாகப் பிறந்தான் என்று மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு உரைக்கிறது. பழையனூர் நீலியும் இவளும் ஒருவர் எனத் துணிவதற்குச் சான்றில்லை. எனினும், முறையின்றி நிகழ்ந்த கொலை, அடுத்த பிறவியில் வந்து சேரும் பழி, அப்பழிக்கு உரியவளாக நீலி என்னும் பெண் ஆகிய மூன்றும் இங்கு ஒருங்கே அமைந்திருப்பது நோக்கத்தக்கது.

பழையனூரோடு இணைந்த கதைக்கு ஏழாம் நூற்றாண்டிலேயே குறிப்புக் கிடைக்கிறது. திருஞானசம்பந்தர் திருவாலங்காட்டுப் பதிகத்தின் முதற்பாடலில், வஞ்சனையால் உயிர்கொண்ட ஒருத்தியைப் பெயர் கூறாது சுட்டுகிறார். ஓரிரு சொற்களில் சுட்டினாலே கேட்போர்க்கு விளங்கும் அளவுக்குக் கதை அன்று பரவியிருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

கதையின் பொதுவடிவம் வருமாறு: கணவனால் வழியிற் கொல்லப்பட்ட பெண் மறுபிறவியில் பேயாகிறாள். கொன்றவன் வணிகனாகப் பிறக்கிறான். பேயை அணுகவிடாது காக்கும் வாள் ஒன்று அவனிடம் உள்ளது. அவள் கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்திப் பழையனூர் அவையில் வந்து, 'இவன் என் கணவன். என்னைக் கைவிட்டான்' என்று அழுது முறையிடுகிறாள். குழந்தையும் அவனைத் தந்தையென்று சேர்கிறது. வேளாளர் எழுபதின்மர் அவள் சொல்லை ஏற்று, வணிகன் உயிருக்குத் தாம் பிணை என உறுதி கூறி, வாளை வாங்கிக்கொண்டு அவளோடு தங்கச் செய்கின்றனர். விடியலில் வணிகன் இறந்து கிடக்கிறான். எழுபதின்மரும் சொன்ன சொல் தவறாது தீப்புகுகின்றனர்.

முதல் தொடர்ச்சி: நீலகேசி

ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றாகிய நீலகேசி, பௌத்தக் காப்பியமாகிய குண்டலகேசிக்கு மறுப்பாக எழுந்த சமண நூல். இதற்குச் சமயதிவாகர வாமன முனிவர் உரை செய்துள்ளார். உரையுடன் அ. சக்கரவர்த்தி 1936இல் பதிப்பித்தார். காப்பியம் நீலியின் பழைய கதையை மீண்டும் கூறாமல், அக்கதை முடிந்த இடத்திற்கு அப்பால் தொடங்குகிறது.

பாஞ்சால நாட்டுச் சுடுகாட்டுக் காளிகோயிலில் முனிச்சந்திரர் என்னும் சமணத் துறவி உயிர்ப்பலியைத் தடுத்து, உயிர்க்கு மாற்றாக மண்ணால் செய்த உருவங்களைப் படைக்கச் செய்கிறார். சினமுற்ற காளி, முனிவரை விரட்டுவதற்காகத் தெற்கே பழையனூரிலுள்ள நீலியை அழைக்கிறாள். நீலி அச்சுறுத்தியும் அரசகுமாரியாக உருமாறி மயக்கியும் பார்க்கிறாள், எதுவும் பயனளிக்கவில்லை. முடிவில் அவளே முனிவரிடம் அறம் கேட்டுக் கொல்லாமையை மேற்கொள்கிறாள். பின் நாடெங்கும் சென்று, குண்டலகேசி உள்ளிட்ட பௌத்தர்களையும், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதியர், பூதவாதியர் ஆகியோரையும் வாதில் வெல்கிறாள்.

இங்கு ஆசிரியர் எதனைக் காத்துள்ளார் என்பது சிந்திக்கத்தக்கது. பழங்கதையில் நீலியின் பேராற்றல் உருமாறுவது மட்டுமன்று. அறிவுடைய எழுபதின்மர் கூடிய அவையில் நின்று, தன் வழக்கை அவர்கள் ஏற்குமாறு பேசுவதே அவளுடைய முதன்மையான ஆற்றல். காப்பிய ஆசிரியர் அவ்வாற்றலை நீக்கவில்லை. உயிர் வாங்கப் பயன்பட்ட பேச்சுத்திறனை அறம் நாட்டப் பயன்படும் வாதத்திறனாக மாற்றினார். புதிய நாயகி ஒருத்தியைப் படைக்கும் உரிமை அவருக்கு இருந்தும், ஊரார் அஞ்சிய பேயையே அவர் தேர்ந்ததற்குக் காரணம் இதுவே எனலாம். அவையை வெல்ல வல்லவள் என்று மக்கள் முன்பே அறிந்திருந்தவள் நீலி. மாந்தரின் ஆற்றலை வைத்துக்கொண்டு அதன் நோக்கத்தை மாற்றுதல் என்னும் இந்நெறி, பின்வந்த தொடர்ச்சிகளிலும் காணப்படுகிறது.

இரண்டாம் தொடர்ச்சி: வேளாளர் வாய்மை

சைவ மரபு இதே கதையை வேறொரு பக்கத்திலிருந்து நோக்கியது. உமாபதி சிவாசாரியார் பெயரால் வழங்கும் சேக்கிழார் புராணம், நீலியின் வஞ்சனையால் வணிகன் இறந்தபோது சொற்பிழையாது தீப்புகுந்த எழுபதின்மரை வேளாளர் பெருமைக்குச் சான்றாகக் காட்டுகிறது. இங்குக் கதைத்தலைவர் அவையினர்; நீலி அவர்தம் வாய்மையைச் சோதிக்கும் கருவி மட்டுமே. அவள் ஏன் வந்தாள், முற்பிறப்பில் அவளுக்கு என்ன நேர்ந்தது என்ற வினாக்கள் பின்தள்ளப்படுகின்றன.

பொய்யழுகையை 'நீலிக் கண்ணீர்' என்று குறிக்கும் வழக்கு இன்றும் தமிழில் உண்டு. அவையினர் பக்கம் நின்று கூறப்பட்ட கதையே மொழியில் நிலைத்தது என்பதற்கு இவ்வழக்கு சான்று. கொலையுண்டவளின் கண்ணீர், கேட்டவர்களின் நோக்கில், பொய்யின் பெயராயிற்று.

மூன்றாம் தொடர்ச்சி: தென்னாட்டு வில்லுப்பாட்டு

அக்கண்ணீருக்கு மறுமொழி கூறியவர்கள் நாஞ்சில் நாட்டிலும் அதனை அடுத்த திருவிதாங்கூர்ப் பகுதிகளிலும் வாழ்ந்த பெயரறியாப் பாடகர்கள். தென்னாட்டு வடிவத்தில் கதைநிகழ்விடம் பஞ்சவன்காடாகிறது. நாகர்கோவிலை அடுத்த கள்ளியங்காடும் கதையோடு இணைகிறது. கோயிற் பூசகன் ஒருவன் தாசிக்குலப் பெண் ஒருத்தியிடம் பொருளையெல்லாம் இழந்து விரட்டப்படுகிறான். அவன்மேல் இரக்கம் கொண்டு அவள் பின்தொடர்ந்து வருகிறாள். காட்டில் அவன் மடியில் தலைவைத்து அவள் உறங்கும்போது, அணிகலன்களுக்காக அவள் தலையில் கல்லைப் போட்டுக் கொல்கிறான். தேடிவந்த உடன்பிறந்தானும் அவள் உடல் கண்டு உயிர்விடுகிறான். கொன்றவன் பாம்பு தீண்டி இறக்கிறான். பின் உடன்பிறந்தார் இருவரும் சோழன் அரண்மனையில் பிறந்து, அங்கிருந்து விலக்கப்பட்டு, இறுதியில் வணிகனாகப் பிறந்தவனைத் தேடிவந்து பழிகொள்கின்றனர். ஏடுகளுக்கிடையே பெயரும் நிகழ்ச்சியும் வேறுபட்டாலும் போக்கு இதுவே.

இவ்வடிவத்தின் மையம் கள்ளிச்செடி. கொலை நிகழ்ந்த காட்டில் மனிதச் சான்று எவரும் இலர். சாகும் பெண் அருகில் நின்ற கள்ளியையே சான்றாக வைக்கிறாள். மறுபிறவியில் ஊரவைக்கு அவள் வரும்போது இடுப்பில் இருப்பது அக்கள்ளியின் கொம்பே. அது குழந்தையாகி அவனைச் சுட்டுகிறது. தொண்டை நாட்டு வடிவத்தில் மாயமாகத் தோன்றும் குழந்தை, இங்கு நீதிமன்றத்திற்குக் கொண்டுவரப்பட்ட சாட்சியாகிறது. அவள் கூற்று இப்பிறவிக்குப் பொய், முற்பிறவிக்கு மெய். அவையினர் தீர்ப்பும் அவ்வாறே ஒருபுறம் தவறாகவும் ஒருபுறம் சரியாகவும் நிற்கிறது. நீலியின் கண்ணீர் பொய்யன்று என்பதைத் தென்னாட்டுப் புலவர்கள் இவ்வமைப்பினாலேயே நிறுவிவிட்டனர்.

வில்லுப்பாட்டு ஏட்டை ஒரு நிகழ்த்துபிரதியாகக் கருதுதல் வேண்டும். காப்பு, அவையடக்கம், நாட்டுவளம், கதை, வாழி என்ற ஒழுங்கில் அமைந்த அவ்வேட்டைக் கைக்கொண்டு, தலைமைப் புலவர் வில்லின் நாணில் வீசுகோலால் தட்டிப் பாடுகிறார். குடம், உடுக்கை, தாளம், கட்டை ஆகியன உடன் ஒலிக்க, பக்கப்பாட்டுக்காரர் அடிகளைத் திருப்பிப் பாடுகின்றனர். பாட்டுக்கிடையே வசனம் வருகிறது. எந்த இடத்தை நீட்டுவது, எந்த இடத்தைச் சுருக்குவது என்பதைக் கோயிற்கொடையில் கூடியிருப்போரின் நிலையே முடிவு செய்கிறது. ஏடெழுதியவர் எழுதியதோடு கதை நிற்பதில்லை.

கதையின் முடிவும் ஏட்டுக்கு வெளியே செல்கிறது. பழிகொண்ட நீலி அழிக்கப்படுவதில்லை. இசக்கியாகக் கோயில் கொள்கிறாள். ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் இவ்வகையில் புகழ்பெற்றது. கையில் குழந்தை ஏந்திய இசக்கியின் சுடுமண் உருவங்களைத் தென்மாவட்டக் கோயில்களில் இன்றும் காணலாம். கொலையுண்ட பெண், பேய், பழிகொள்பவள் என்னும் நிலைகளைக் கடந்து, மகப்பேறு வேண்டுவோர் நாடும் தாயாக அவள் ஆகிறாள். கொடையில் அவள் கதை பாடப்படும்போது சாமியாடுவோர் மேல் அவளே இறங்குவதாகக் கொள்ளப்படுகிறது. கதைத்தலைவியே கேட்போருள் ஒருத்தியாக இருக்கும் இந்நிலையில் அவளை இழித்துப் பாடுதல் இயலாது.

அனந்தபுரிப் பெருவழியும் மலையாள வடிவங்களும்

திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்திற்குப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மாறியது. இரு நகரங்களுக்கும் இடைப்பட்ட நிலம் தமிழும் மலையாளமும் கலந்து வழங்கிய நிலம். மலையாள இலக்கிய வரலாற்றாசிரியர்கள் 'தெக்கன் பாட்டுகள்' என வகைப்படுத்தும் கதைப்பாடல்கள் இந்நிலத்தில் தோன்றியவை. நீலி கதையும் அவற்றுள் ஒன்று. அவற்றின் மொழியில் தமிழ்க்கூறு மிகுதி என்பதை அவ்வறிஞர்களும் ஒப்புவர். 1956 நவம்பர் 1இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தபோது கதை பிறந்த காடு ஒரு மாநிலத்திலும், அதனை எழுத்தில் வளர்த்த நகரம் மற்றொரு மாநிலத்திலும் அமைந்தன.

திருவனந்தபுரத்தில் வாழ்ந்த சி. வி. இராமன் பிள்ளை 1891இல் வெளியிட்ட மார்த்தாண்டவர்மா என்னும் வரலாற்றுப் புதினத்தில் பஞ்சவன்காட்டு நீலி இடம்பெறுகிறாள். நாயகன் அனந்தபத்மநாபன் தாக்கப்பட்டு வீழ்வது அக்காட்டில்தான். அரசுரிமைப் போராட்டத்தைக் கூறும் புதினத்தில் நாட்டார் அச்சமொன்று கதைக்களமாவதை இங்குக் காண்கிறோம்.

கொட்டாரத்தில் சங்குண்ணி 1909 முதல் 1934 வரை எட்டுத் தொகுதிகளாக வெளியிட்ட ஐதிகமாலையில், திருவனந்தபுரத்திற்கும் பத்மநாபபுரத்திற்கும் இடைப்பட்ட வழியில் பயணிகளிடம் சுண்ணாம்பு கேட்டு அவர்களைக் கொல்லும் யட்சி ஒருத்தி வருகிறாள். மந்திரம் வல்ல கடமற்றத்துக் கத்தனார் அவள் தலையில் இரும்பாணி அறைந்து ஏவல் செய்பவளாக்குகிறார். கூந்தலைக் கோதிய மூதாட்டி ஆணியைக் கண்டு பிடுங்கிவிட, யட்சி தப்புகிறாள். முடிவில் பனயன்னார்காவில் நிலைகொள்கிறாள். பிற்கால வழக்கில் இவ்யட்சியும் கள்ளியங்காட்டு நீலியும் ஒருத்தியாயினர். எம். கிருஷ்ணன் நாயர் இயக்கத்தில் 1979இல் 'கள்ளியங்காட்டு நீலி' என்ற பெயரிலேயே மலையாளப் படம் வெளிவந்தது.

கத்தனார் கதையில் நீலியின் முற்பிறப்பு இல்லை. ஆகவே அவள் கொல்வதற்குக் காரணமும் இல்லை. காரணம் இழந்த பேய் அடக்கப்பட வேண்டிய பேயாகவே எஞ்சுகிறது. ஒரு கதையின் முன்பகுதியை விட்டுவிட்டுப் பின்பகுதியை மட்டும் தொடர்ந்தால் மாந்தரின் இயல்பே மாறிவிடும் என்பதற்கு இது சான்று.

திரைப்படத் தொடர்ச்சி

2025 ஆகஸ்டு 28இல் வெளியான, டொமினிக் அருண் இயக்கிய 'லோகா அத்தியாயம் 1: சந்திரா' என்னும் மலையாளப் படம் நீலியை மீயாற்றல் நாயகியாகக் காட்டியது. கல்யாணி பிரியதர்சன் ஏற்ற சந்திரா என்னும் பாத்திரம், பல நூற்றாண்டுகளாக வாழ்ந்துவரும் கள்ளியங்காட்டு நீலியே என்பது கதை. கத்தனாரும் படத்தில் உண்டு. அவர் அவளை ஆணியால் அடக்குவதில்லை, அவளது ஆற்றலை மக்கள் நலனுக்குத் திருப்புகிறார். நீலகேசி ஆசிரியர் கையாண்ட நெறியே இங்கும் தொழிற்படுவதைக் காணலாம்; முனிச்சந்திரர் நின்ற இடத்தில் கத்தனார் நிற்கிறார். இயக்குநர் குழு நீலகேசியை அறிந்திருந்தது என்பது இதன் பொருளன்று. அஞ்சப்பட்டவளைத் தலைவியாக்க முனையும் எவரும் அவளை மாற்றவல்ல ஓர் ஆசானைத் தேடுவர் என்பதே பொருள்.

படம் நீலிக்கு இழந்த முன்கதையையும் மீட்டளிக்கிறது. ஆயின் அது தாசியின் கதையன்று. காட்டில் வாழும் குடியில் பிறந்த சிறுமி, அரசனின் கொடுமையால் தன் மக்களை இழப்பதாக அம்முன்கதை அமைகிறது. கொன்றவன் மாறினும், வலியோர் செய்த கொலைக்கு முறையீடு இல்லாமற்போனது என்னும் அடிப்படை மாறவில்லை. படத்தின் இரண்டாம் பாகம் அவ்வாண்டிலேயே அறிவிக்கப்பட்டது.

உரிமையும் பெயரும்

இன்றைய நாயகர் பெரும்பாலும் ஒருவருடைய உடைமை. 1938இல் அமெரிக்கப் படக்கதை இதழில் தோன்றிய சூப்பர்மேனைப் படைத்த இளைஞர் இருவர், 130 டாலருக்கு உரிமையை நிறுவனத்திற்கு விற்றனர். அதன்பின் அந்நாயகனின் அடுத்த கதையை எழுதுவது யார் என்பதை நிறுவனமே முடிவு செய்தது. இந்தியாவில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு படைப்பைத் தழுவியெழுதும் உரிமை அதன் உரிமையாளருக்கே உண்டு. திரைப்படத்திற்கு அவ்வுரிமை வெளியான பின் அறுபது ஆண்டுகள் நீடிக்கும். எனவே இரசிகர் எழுதும் இரண்டாம் பாகத் திரைக்கதை, அவர் அன்பின் வெளிப்பாடாக இருந்தாலும், இசைவின்றிப் படமாகவோ வணிக நூலாகவோ வெளிவர இயலாது.

நீலி எவருடைய உடைமையும் அல்லள். அதனாலேயே சமணரும் சைவரும் வில்லுப்பாட்டுப் புலவரும் திரைப்படத்தாரும் அவளைத் தத்தம் வழியில் தொடர முடிந்தது. ஆயின் உடைமையின்மைக்கு ஒரு விலையும் உண்டு. நீலகேசி ஆசிரியரின் பெயரே நமக்குக் கிட்டவில்லை. கள்ளிக்கொம்பைச் சாட்சியாக்கிய தென்னாட்டுப் புலவர்களின் பெயர்களும் மறைந்தன. இன்று படம் காண்போர் நீலியை ஐதிகமாலை வழியே அறிகின்றனரே அன்றி, அதற்கு முற்பட்ட தமிழ் மரபின் வழியே அறிவது அரிது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. தொடர்ச்சி எழுதுதல், இலக்கணநூலார் வகுத்த வழிநூல் வகைகளுள் அடங்காத, ஆயினும் தமிழில் இடையறாது வழங்கிய ஓர் இலக்கியச் செயல். தொடர்பவர் மாந்தரின் ஆற்றலைக் காத்து நோக்கத்தை மாற்றுகிறார். முன்கதையை ஏற்பதும் விடுவதும் அம்மாந்தருக்கு நீதி வழங்குவதும் மறுப்பதுமாகும். அவையினர் பக்கத்துக் கதை மரபுத்தொடராக நிலைத்தது. கொலையுண்டவள் பக்கத்துக் கதையை வில்லுப்பாட்டே காத்தது.

கதைப்பாடல் பதிப்பில் நா. வானமாமலை போன்றோர் செய்த பணி இத்துறைக்கு அடித்தளம். திருவனந்தபுரம் காரியவட்டத்திலுள்ள கீழைத்தேய ஆய்வு நிறுவனச் சுவடி நூலகம் தமிழ்ச் சுவடிகளையும் காத்துவருகிறது. நீலி கதையின் தமிழ் ஏடுகளையும் தெக்கன் பாட்டு வடிவங்களையும் பாடபேதங்களுடன் ஒருங்கே வைத்து ஒப்பிடும் பதிப்பு ஒன்று வெளிவருமாயின், இரு மொழியாரும் தத்தம் உடைமையாகக் கருதும் ஒரு கதையின் பொதுவரலாறு தெளிவாகும். நீலியின் அடுத்த கதையை எழுத விரும்பும் இளையோருக்கும், அவள் முதலில் யாரிடம் என்ன முறையிட்டாள் என்பதை அப்பதிப்பு அறிவிக்கும்.